முந்தானையில் முடிந்த மாத்திரை

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில், ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனை மருந்தாளுநர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மருத்துவர் இல்லை, மருந்தாளுநர். அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பீர்களே, அந்த வரிசை முடிகிற இடத்தில் கம்பி போட்ட ஜன்னலுக்கு உள்ளே இருப்பவள். முப்பத்தொரு ஆண்டுகள் அங்கே இருந்தேன். ஜன்னல் சின்னது. உள்ளே இருப்பவருக்கு வெளியே நிற்பவரின் முகத்தைவிடக் கைதான் நன்றாகத் தெரியும். சீட்டை நீட்டும் கையைப் பார்த்தே இவர் எந்த மாத்திரைக்கு வந்திருக்கிறார் என்று சொல்லிவிடும் அளவுக்குப் பழகிப்போனேன்.

சுகர் மாத்திரை வாங்குகிறவர் ஜன்னல் பலகையிலேயே அட்டைகளைப் பரப்பி எண்ணுவார். "மேடம், போன மாசம் வெள்ளையா இருந்துச்சு, இப்ப ஏன் வேற கலரு?" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி கேட்பார். பின்னால் நிற்பவர், "எனக்கும் அதேதாங்க, காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு" என்று பேச்சில் சேர்ந்துகொள்வார். பிரஷர் மாத்திரை வாங்குகிறவரும் அப்படித்தான். ஆனால் மனநோய்க்கான மாத்திரை வாங்க வருகிறவர் எண்ணமாட்டார், எதுவும் கேட்கமாட்டார். வாங்கிய வேகத்தில் முந்தானை நுனியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொள்வார். ஆணாக இருந்தால் அது சட்டைப் பைக்குப் போகாது, வேட்டி மடிப்புக்குள் போகும்.

அந்த முடிச்சில் என் பங்கும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு திங்கட்கிழமை, கூட்டம் நெரிகிறது. பொட்டலத்தைக் கட்டிக் கையில் வைத்துக்கொண்டு, "மனநோய் மாத்திரை யாருக்கு? சீக்கிரம் வாங்க!" என்று குரல் கொடுத்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வரிசையை விட்டு விலகி, தலையைக் குனிந்தபடி வாசல் பக்கமாக நடந்து போனார். பொட்டலம் என் பலகையிலேயே கிடந்தது. மாத்திரை அவருக்கல்ல, அவர் மகனுக்கு. நான்கு மாதம் கழித்து அந்தப் பையனைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து வார்டில் சேர்த்தார்கள். இடையில் வேறெங்காவது மாத்திரை வாங்கினீர்களா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். நான் சொன்ன ஒரு வார்த்தை அந்தப் பையனின் நான்கு மாதத்தைத் தின்றுவிட்டது. அன்றைக்குப் பிறகு ஓய்வுபெறும் வரை, யாரையும் பெயர் சொல்லித்தான் அழைத்தேன். நோயைச் சொல்லி அழைத்ததில்லை.

ஒளித்து வைக்கிற மாத்திரை தவறிப்போகும். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்.

உடம்புக்கு ஒரு மருந்து, மனசுக்கு வேறு மருந்து என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். மருந்து அறைக்குள் நின்று பார்த்தால் அந்தக் கோடு எங்கேயும் தெரியாது. அரசு கொடுக்கும் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தமிழ்நாடு அரசு வழங்குவது, விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்டிருக்கும். சுகருக்கு வரும் அட்டையிலும் அதுதான். மனச்சிதைவுக்கு வரும் அட்டையிலும் அதுதான். ஒரே கிடங்கிலிருந்து, ஒரே வண்டியில் வந்து, ஒரே அலமாரியில் ஏறுகின்றன.

அலமாரி மட்டுமா ஒன்று? சில நேரம் வேரே ஒன்று. சர்ப்பகந்தா என்ற செடியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாம்புக் கடிக்கும், தூக்கமின்மைக்கும், சித்தம் கலங்கியவர்களுக்கும் நம் நாட்டு வைத்தியர்கள் காலங்காலமாக அதன் வேரைக் கொடுத்துவந்தார்கள். 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரண்டு வங்காள மருத்துவர்கள் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். மனநோய்க்கும் உயர் ரத்த அழுத்தத்துக்கும் ஏற்ற புதிய இந்திய மருந்து என்று இரண்டையும் தலைப்பிலேயே சேர்த்துச் சொன்னார்கள். 1949இல் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், ரத்த அழுத்த நோயாளிகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை பிரிட்டிஷ் இதயவியல் இதழில் வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அந்த வேரிலிருந்து ரிசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அதே ரிசர்பின் அமெரிக்க மனநல மருத்துவமனைகளிலும் நுழைந்தது. ஒரே வேரின் சாறு. ஒரு வார்டில் பிரஷர் மருந்து, அடுத்த வார்டில் மனநோய் மருந்து. இன்று அதைவிட நல்ல மருந்துகள் இரண்டுக்கும் வந்துவிட்டன. ஆனால் அந்தச் செடிக்குத் தெரிந்த உண்மை இன்னும் நமக்குப் பிடிபடவில்லை.

மனநல மருந்துகளின் கதை முழுவதுமே இப்படித்தான். ஒன்றைத் தேடிப் போனவர்களுக்கு இன்னொன்று கிடைத்தது. மனச்சிதைவுக்கு வந்த முதல் பெரிய மருந்தான குளோர்புரோமசின் 1950இல் பிரான்ஸில் தயாரிக்கப்பட்டது. ஆன்றி லபோரி என்ற கடற்படை அறுவை மருத்துவர், மயக்க மருந்துக்குத் துணையாக அதைக் கொடுத்துப் பார்த்தார். நோயாளிகள் விழித்திருக்கிறார்கள், ஆனால் பதற்றமில்லாமல் கிடக்கிறார்கள். 1952இல் பாரிஸின் சென்ட் ஆன் மருத்துவமனையில் ழான் தெலே, பியேர் தெனிக்கேர் இருவரும் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். சங்கிலியும் கட்டிலும் குளிர்ந்த தண்ணீரும் சிகிச்சையாக இருந்த இடத்தில், நோயாளி எழுந்து உட்கார்ந்து பேசத் தொடங்கினார்.

மனச்சோர்வுக்கான மாத்திரை எங்கிருந்து வந்தது தெரியுமா? காசநோயிலிருந்து. 1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்த காசநோய் மருத்துவமனையில் இப்ரோனியாசிட் என்ற புது மருந்தைக் கொடுத்தார்கள். நுரையீரல் தேறியதோடு நிற்கவில்லை. படுத்துக் கிடந்தவர்களுக்குப் பசி எடுத்தது, சிரிப்பு வந்தது, தாழ்வாரத்தில் ஆடினார்கள். ஐந்து ஆண்டுகளுக்குள் அதே மருந்து மனச்சோர்வுக்குப் பயன்பட்டது. பிறகு கல்லீரலைக் கெடுக்கிறது என்று கைவிட்டார்கள். ஆனால் மனச்சோர்வு மாத்திரையால் தீரக்கூடியது என்ற நம்பிக்கையை அந்தக் காசநோயாளிகள்தான் முதலில் உலகத்துக்குக் காட்டினார்கள். அதற்கு முன்பே, 1949இல், ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் என்ற மருத்துவர், பாறையிலும் உப்பிலும் கிடைக்கிற லித்தியத்தை மனஎழுச்சி நோயாளிகளுக்குக் கொடுத்து அவர்களை அமைதிப்படுத்தினார். எழுபத்தைந்து ஆண்டுகள் கடந்தும், மனஎழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை நோய்க்கு லித்தியம் முன்வரிசை மருந்தாக நிற்கிறது.

இனி நம் வீட்டு மாத்திரைகளுக்கு வருகிறேன். அமிட்ரிப்டிலின் என்று ஒரு சின்ன மாத்திரை. மனச்சோர்வுக்காக வந்தது. குறைந்த அளவில் கொடுத்தால் சர்க்கரை நோயாளியின் கால் எரிச்சலையும் ஒற்றைத் தலைவலியையும் குறைக்கும். ஒரு பெரியவர் ஜன்னலுக்கு வந்து கோபமாக அட்டையை வைத்தார். "எனக்கு இருக்கிறது கால் எரிச்சல். பேரன் செல்போன்ல பாத்துட்டு, தாத்தா இது பைத்தியத்துக்குக் குடுக்கிற மாத்திரைன்னு சொல்லிட்டான்" என்றார். பத்து நாளாக எரிச்சலோடு தூங்காமல் கிடந்திருக்கிறார். மாத்திரையின் பெயரைக் கேட்டே பயந்தார். அதே போல் புரோப்ரனலால். பிரஷருக்கும் கொடுப்பார்கள், கை நடுக்கத்துக்கும் கொடுப்பார்கள், மேடைப் படபடப்புக்கும் கொடுப்பார்கள். வலிப்புக்குக் கொடுக்கும் வால்புரோயேட் மனஎழுச்சிக்கும் உதவுகிறது. மருந்துக்கு உடம்பு வேறு, மனசு வேறு என்ற பாகுபாடு கிடையாது.

நோய்க்கும் கிடையாது. ஒருவர் எந்நேரமும் சோர்ந்து கிடக்கிறார், எதிலும் பிடிப்பில்லை, எடை ஏறுகிறது, மறதி வருகிறது. மனச்சோர்வு என்று நினைக்கிறோம். ரத்தப் பரிசோதனை செய்தால் தைராய்டு குறைவாக இருக்கிறது. இன்னொருவருக்கு வைட்டமின் பி12 குறைந்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடும் சிலருக்கு அந்தக் குறைபாடு வரும். அதனால்தான் மருத்துவர்கள் அவ்வப்போது அதைப் பார்க்கச் சொல்கிறார்கள். வீட்டில் வயதான பாட்டி நேற்று வரை தெளிவாகப் பேசியவர், இன்று இரவு திடீரென்று ஆளை அடையாளம் தெரியாமல் பிதற்றுகிறார் என்றால், காற்று கருப்பு என்று வேப்பிலையைத் தேடாதீர்கள். சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கலாம், புதிதாகச் சேர்த்த ஏதோ ஒரு மாத்திரையாகவும் இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய அவசரம் அது.

எதிர்த்திசையிலும் இப்படி நடக்கும். ஓலன்சபின் என்ற மனநோய் மாத்திரை சிலருக்கு எடையையும் சர்க்கரையையும் ஏற்றிவிடும். லித்தியம் சாப்பிடுகிறவர் முட்டி வலிக்கென்று கடையில் ஐபுபுரோஃபனோ டைக்ளோஃபினாக்கோ வாங்கிப் போட்டுக்கொண்டால், லித்தியத்தின் அளவு ரத்தத்தில் ஏறி நஞ்சாகலாம். சில பிரஷர் மாத்திரைகளும் அதைச் செய்யும். சித்திரை வெயிலில் வேர்த்து வடிந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தாலும், வயிற்றுப்போக்கு வந்தாலும் இதே ஆபத்துதான். ஆஸ்துமா இருப்பவருக்குப் புரோப்ரனலால் மூச்சை அடைத்துவிடும். குழந்தை பெறும் வயதில் இருக்கிற பெண் வால்புரோயேட் சாப்பிட்டால் வயிற்றுப் பிள்ளைக்குக் குறைபாடு வரக்கூடும். அந்தப் பேச்சைத் திருமணத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

ஆனால் யார் பேசுகிறார்கள்? எலும்பு டாக்டரிடம் போகும்போது மனநல மாத்திரையின் சீட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார்கள். மாமியார் வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று, கர்ப்பம் தரித்த நாளில் சொல்லாமல் கொள்ளாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நான் சொன்ன முடிச்சு இங்கேதான் உயிருக்கே இறுகுகிறது.

ஜன்னலில் யாரும் கேட்கமாட்டார்கள் என்றேன். கூட்டம் கலைந்த பிறகு, உணவு இடைவேளையில், சிலர் மட்டும் திரும்பி வருவார்கள். குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். பெரும்பாலும் நான்கே கேள்விகள்தான்.

முதல் கேள்வி: "இது வாழ்நாள் முழுக்கச் சாப்பிடணுமா?" எல்லோருக்கும் அல்ல. முதல் முறையாக மனச்சோர்வு வந்தவருக்கு, நன்றாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் பொதுவாக ஆறு முதல் ஒன்பது மாதமாவது மாத்திரை தொடர்ந்து, பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். திரும்பத் திரும்ப வந்தவருக்கு நாள் நீளும். மனச்சிதைவு, இருமுனை நோய் இரண்டுக்கும் பல பேருக்குப் பல ஆண்டுகள் தேவைப்படும். பிரஷருக்கு முப்பது ஆண்டு சாப்பிடுகிற அப்பாவை நாம் நோயாளி என்று ஒதுக்கி வைப்பதில்லையே.

இரண்டாவது: "பழகிப் போயிருமா?" இதில் இரண்டு வகை மாத்திரைகளைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபுளூயாக்சடின், எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் போதைக்கு இழுக்காது. மேலும் மேலும் வேண்டும் என்று கேட்காது. திடீரென நிறுத்தினால் மட்டும் தலைசுற்றல், எரிச்சல், உடம்பில் சுரீர் என்று ஒரு மின் உணர்வு வரலாம். அதனால்தான் மெல்லக் குறைக்க வேண்டும். அல்பிரசோலம், டயஸிபாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள் வேறு. அவை பழகும். சில வாரங்களுக்கு மேல் மருத்துவர் கண்காணிப்பில்லாமல் போட்டால் அவை இல்லாமல் தூக்கமே வராது. சட்டென்று விட்டால் வலிப்புகூட வரலாம். அதனால்தான் 2014 முதல் அவற்றை எச்1 என்ற அட்டவணையில் சேர்த்து, விற்பனையைத் தனிப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்று சட்டம் வைத்தார்கள். தெரிந்த கடைக்காரர் சீட்டில்லாமல் தருகிறார் என்று வாங்காதீர்கள்.

மூன்றாவது: "பத்து நாளாச்சு, ஒண்ணும் கேக்கலையே?" கேட்காது. காய்ச்சல் மாத்திரை ஒரு மணி நேரத்தில் வேலை காட்டும். மனச்சோர்வு மாத்திரைக்கு இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். முழுப் பலன் தெரிய அதற்கும் மேல் ஆகலாம். தொல்லையோ முதல் வாரத்திலேயே வந்துவிடும்: குமட்டல், வயிற்றுக் கோளாறு, கொஞ்சம் படபடப்பு. நன்மை பின்னால் வருகிறது, தொல்லை முன்னால் வருகிறது. இந்த ஒரு விஷயத்தை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதிப்பேர் மாத்திரையை நிறுத்தியிருக்கமாட்டார்கள். இளம் வயதினருக்கு முதல் வாரங்களில் மனசு இன்னும் அலைபாய்ந்தால் மறுநாளே மருத்துவரைப் பாருங்கள். அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம்.

நான்காவது, மிகவும் பயந்து கேட்பது: "கரண்ட் ஷாக் வச்சிருவாங்களா?" 1938இல் ரோமில் தொடங்கிய சிகிச்சை அது. நாம் சினிமாவில் பார்த்தது போல் மயக்க மருந்து இல்லாமல் கையைக் காலைக் கட்டிவைத்துக் கொடுப்பதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்து, நோயாளி தூங்கும்போது சில நொடிகள் நடப்பது. அண்மை நினைவுகள் கொஞ்ச நாள் மங்கலாம். சோறு தண்ணீர் வேண்டாம் என்று சாவின் விளிம்பில் கிடக்கும் கடுமையான மனச்சோர்வுக்கு, இன்றும் அதைப் போல் வேகமாக உதவுவது குறைவு.

அந்த அம்மாவை, என் குரலைக் கேட்டு நடந்து போனாரே, அவரை மறுபடியும் சொல்ல வேண்டும். மகனை வார்டிலிருந்து அழைத்துப்போன பிறகு மாதா மாதம் என் ஜன்னலுக்கு வந்தார். ஒரு மாதம், "போன மாசத்து மாத்திரை மீதி இருந்தா காட்டுங்கம்மா" என்றேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பலகையில் வைத்தார். முப்பதில் பதினொன்று அப்படியே இருந்தன. பையன் மறுத்தானா என்று கேட்டேன். இல்லையாம். வீட்டில் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். பதினோரு நாள் உறவுக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் கண்ணில் படாமல் மாத்திரையை எடுத்துக் கொடுக்க வழியில்லை. அரிசி மூட்டைக்கு அடியில் இருந்தது, அரிசி மூட்டை இருந்த அறையில் சம்பந்தி வீட்டார் படுத்திருந்தார்கள்.

அந்தக் கல்யாண வீட்டில் எத்தனை பேர் சாப்பாட்டுக்கு முன்னால் சுகர் மாத்திரை போட்டிருப்பார்கள், எண்ணிப் பாருங்கள். பந்தியில் உட்கார்ந்து, தண்ணீர் டம்ளரைத் தூக்கி, எல்லோர் முன்னாலும் போட்டிருப்பார்கள்.

இதைத் தனி மனிதர்களின் கூச்சம் என்று சொல்லி முடித்துவிட முடியாது. நம் ஊர் அந்தக் கூச்சத்தைக் கட்டி எழுப்பியிருக்கிறது. 1794இல் சென்னையில் மனநோயாளிகளுக்கென ஓர் இல்லம் தொடங்கப்பட்டது. 1871இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. அந்த ஊரின் பெயரையே நாம் வசைச் சொல்லாக்கிவிட்டோம். அந்த மருத்துவமனையில் 1961இல் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றவர் டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். உள்ளே அடைத்து வைப்பதோடு நிறுத்தாமல், வந்து மருந்து வாங்கி வீடு திரும்பும் வெளிநோயாளிச் சிகிச்சைக்கு வழி திறந்தார். ஓய்வுக்குப் பின் 1984இல் மனச்சிதைவு ஆராய்ச்சிக்கென்று ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். ஜன்னலில் நின்று நான் கொடுத்த ஒவ்வொரு பொட்டலத்துக்கும் அவரைப் போன்றவர்கள்தான் பாதை போட்டார்கள்.

பாதை இருந்தும் எத்தனையோ பேர் சங்கிலியில்தான் கிடந்தார்கள். 2001 ஆகஸ்ட் 6, அதிகாலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு கொட்டகைக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள், 28 உயிர்கள். அன்று செய்தியைக் கேட்டபோது நான் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. அந்த 28 பேரில் எத்தனை பேருக்கு ஒரு மாதப் பொட்டலம் போதுமானதாக இருந்திருக்கும் என்றுதான் நினைத்தேன்.

அதற்காக, கோயிலுக்கும் தர்காவுக்கும் போகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். நம்பிக்கை ஓர் ஆறுதல். வேண்டுதலும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும். அதே ஏர்வாடி தர்காவில் பின்னர் தவா துவா என்ற பெயரில், மருந்தும் பிரார்த்தனையும் ஓரிடத்திலேயே கிடைக்கும்படி மனநல மருத்துவச் சேவை வந்தது. மந்திரிக்கும் கையும் மாத்திரை கொடுக்கும் கையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க முடியும். சங்கிலி மட்டும் எந்தப் பெயரிலும் இருக்கக்கூடாது.

2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறீர்களோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தரவேண்டும் என்று நிறுவனங்களுக்குச் சொன்னது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல், கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகக் கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்றது. ஒரே அலமாரி என்று நான் சொல்வதைத்தான் சட்டமும் தன் மொழியில் சொல்கிறது.

எண்ணிக்கையையும் பாருங்கள். சென்னையிலிருந்து வழிநடத்தப்பட்டு 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது. 2015–16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் ஒரு மாநிலம். பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல், 10.6 விழுக்காட்டினருக்கு, ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. சிகிச்சை பெறாதவர்கள், கோளாறைப் பொறுத்து, 70 முதல் 92 விழுக்காடு. இரண்டுமே பெரியவர்களில் ஏறத்தாழப் பத்துக்கு ஒருவர் கணக்கு. ஒரு வரிசை தெரு வரை நீண்டது. இன்னொரு வரிசையில் நிற்க வேண்டியவர்களில் பெரும்பாலோர் வரவே இல்லை.

2021இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. வாசலில் நின்று, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, பிரஷர் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். மனநல மாத்திரையும் எல்லா ஊரிலும் அதே பையில், அதே குரலில் வாசலுக்கு வர வேண்டும் என்பது என் ஆசை.

மாத்திரையே எல்லாம் என்றும் சொல்லவரவில்லை. லேசான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பயிற்சி பெற்ற உளவியலாளரோடு வாரம் ஒருமுறை பேசும் சிகிச்சையே பல பேருக்குப் போதும். கடுமையான நிலையில் பேச்சும் மருந்தும் சேர்ந்தால் பலன் கூடும். வேலை, தூக்கம், நடை, குடியை விடுவது, கேட்பதற்கு ஒரு காது, இவையும் மருந்துதான். பணம் கொடுத்துப் பேச வசதி இல்லாதவர்களுக்கு 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழிலும் பேசலாம். சாகலாம் என்ற எண்ணம் உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த எண்ணை அழையுங்கள். பூச்சிமருந்தையும் மிச்சமிருக்கும் மாத்திரைகளையும் அவர் கைக்கு எட்டாமல் பூட்டுங்கள்; அவரைத் தனியே விடாதீர்கள். அந்த நேரத்தைத் தாண்டி வந்த பலரை நான் ஜன்னலில் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக என் வீட்டுச் சேதி ஒன்று. நான் ஓய்வுபெற்ற மறு ஆண்டு என் கணவர் இறந்தார். ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம். தூக்கம் வரவில்லை, வாயில் ருசி இல்லை, காலையில் எழுந்திருக்கக் காரணம் தெரியவில்லை. துக்கம் என்று இருந்துவிட்டேன். ஒரு நாள் என்னிடமே, இந்த அறிகுறிகளோடு ஒருவர் உன் ஜன்னலுக்கு வந்தால் என்ன சொல்வாய் என்று கேட்டுப்பார்த்தேன். மனநல மருத்துவரிடம் போனேன். எஸ்சிட்டலோபிராம் எழுதினார், பேசுவதற்கு ஓர் ஆலோசகரிடமும் அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? முப்பத்தொரு ஆண்டுகள் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள், அட்டையைக் கொண்டுபோய் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்தேன். மூன்றாம் நாளே மாத்திரையை மறந்துபோனேன். அப்போதுதான் அந்த அம்மாவின் அரிசி மூட்டை நினைவுக்கு வந்தது.

எழுந்து போய் அட்டையை எடுத்து வந்தேன். சமையலறை அலமாரியில், காபிப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில், என் பிரஷர் மாத்திரைகள் இருக்கும் எவர்சில்வர் டப்பாவில் போட்டேன். மறுநாள் என் மருமகள் டப்பாவைத் திறந்தவள், "அத்தை, இது புதுசா இருக்கே, எதுக்கு?" என்று கேட்டாள். கொஞ்சம் தொண்டை அடைத்தது. "மனசு சரியில்லம்மா, அதுக்கு" என்றேன். அவள் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்தானே? நான் ஞாபகப்படுத்தறேன்" என்று சொல்லி, அதை என் பிரஷர் மாத்திரைக்குப் பக்கத்திலேயே வைத்து மூடினாள்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டப்பா இருக்கும். அதில் இதற்கும் இடம் கொடுங்கள்.